எண்பதுக்கு மேல் வரும் நடுக்கம்

திருவனந்தபுரம் கரமனையில் குடியிருக்கும் ஒரு கார்க்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். தேய்ந்துபோன டயர்களைக் கழற்றிவிட்டு நான்கு புது டயர்கள் போட்டுக்கொள்கிறார். இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. கடையிலிருந்து வீடு வரை கார் வெண்ணெயாக ஓடுகிறது. தம்பானூர், பாளையம், பட்டம் என்று ஒரு வாரம் ஊருக்குள் சுற்றுகிறார். குறை எதுவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க நாகர்கோவிலுக்குக் கிளம்புகிறார். திருவல்லத்தில் பைபாஸைப் பிடித்து, வேகமுள் 80ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கிறது. 90ல் நடுக்கம் முழங்கை வரை ஏறுகிறது. களியக்காவிளை நெரிசலில் வேகம் 40க்கு இறங்கியதும் அது இருந்த சுவடே இல்லை.

மறுநாள் கடைக்குப் போகிறார். கடைக்காரர் ஒரு பையனைக் காரில் ஏற்றி அனுப்புகிறார். கிள்ளிப்பாலம் வரை போய்த் திரும்புகிறார்கள். "ஒண்ணும் இல்லையே சாரே. புது டயர் அல்லவா, கொஞ்சம் ஓடினால் சரியாகிவிடும்" என்று பதில் கிடைக்கிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கார்க்காரரும் கற்பனை செய்யவில்லை. குறை இருக்கும் வேகத்தை ஊருக்குள் யாரும் எட்ட முடியாது என்பதுதான் விஷயம். கேரளத்தில் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வேக வரம்பின்படி நகரச் சாலைகளில் கார்களுக்கு 50 கிலோமீட்டர். நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலையில் 100. மேடும் பள்ளமும் வளைவும் நெரிசலுமாக இருக்கும் திருவனந்தபுரத்தில் அந்த 50ஐத் தொடுவதே அபூர்வம். கழக்கூட்டத்திலிருந்து கோவளம் வழியாகத் தமிழக எல்லையை ஒட்டிய காரோடு வரை போகும் பைபாஸ்தான், கார் தன் நோயை வாய்விட்டுச் சொல்லும் இடம்.

இந்த நடுக்கத்தைப் பலர் பழகிக்கொண்டு ஓட்டுகிறார்கள். வேறு சிலர் பயந்துபோய், மெக்கானிக் சொன்னதையெல்லாம் மாற்றிப் பணத்தை இறைக்கிறார்கள். இரண்டும் தவறு. பெரும்பாலும் இது சில நூறு ரூபாயில் தீரும் குறை. ஆனால் எப்போதாவது, கழன்றுகொண்டிருக்கும் நட்டோ பிரிந்துகொண்டிருக்கும் டயரோ முன்கூட்டியே தரும் எச்சரிக்கையாகவும் இருக்கும். எது எது என்று பிரித்தறியும் வரிசை ஒன்று உண்டு. அது தெரிந்தால் பணமும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும்.

ஏன் எண்பதில்?

14 அங்குல ரிம் உள்ள ஒரு சிறிய காரின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கார் ஏறத்தாழ 1.9 மீட்டர் நகரும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் வினாடிக்கு 6 சுற்று; 90ல் 13 சுற்று; 100ல் 14க்கும் 15க்கும் நடுவே. சக்கரத்தின் ஒரு பக்கம் மற்ற பக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தால், அந்தக் கனம் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தை ஒருமுறை வெளியே இழுக்கும். இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கமாக வளர்கிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு.

ரிம்மின் விளிம்பில் 30 கிராம் அதிகம் என்று கணக்கிட்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 700 கிராம் எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். இதை யாரும் உணர மாட்டார்கள். 100ல் அதே 30 கிராம் நாலரைக் கிலோவாகிவிடுகிறது. நாலரைக் கிலோ சுத்தியல் ஒன்று வினாடிக்கு 14 முறை சக்கரத்தை மேலும் கீழும், முன்னும் பின்னும் தட்டிக்கொண்டிருப்பதற்குச் சமம்.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. ஊஞ்சலைத் தள்ளுபவர் அதன் தாளத்துக்குத் தள்ளினால் சிறு தள்ளலே பெரிய ஆட்டமாகும். காரின் சக்கரமும் அச்சும், கீழே டயருக்கும் மேலே ஸ்பிரிங்குக்கும் நடுவே தொங்கும் ஓர் ஊஞ்சல் மாதிரி. அதன் இயல்பான தாளம் பெரும்பாலான கார்களில் வினாடிக்கு 10 முதல் 15 துள்ளல். 80க்கும் 110க்கும் இடையில் சக்கரத்தின் சுழற்சி அந்தத் தாளத்தோடு சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் நடுக்கம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி, உச்சத்துக்குப் போய், சில கார்களில் அதற்கு மேல் தணியவும் செய்கிறது. "வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடுகிறது" என்று சிலர் சொல்வதன் ரகசியம் இதுதான். குறை எங்கும் போய்விடவில்லை. தாளம் மட்டும் தவறிவிட்டது.

இந்தத் தொல்லைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1923ல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 'பலூன் டயர்' என்ற அகலமான, காற்றழுத்தம் குறைந்த டயர்களைக் கொண்டுவந்தது. கரடுமுரடான சாலையில் மெத்தைபோல் ஓடியது. கூடவே முன் சக்கரங்கள் வலமும் இடமுமாகப் படபடக்கும் வியாதி பரவியது. அந்நாளில் பிரபலமாக இருந்த, தோளைக் குலுக்கி ஆடும் ஒரு நடனத்தின் பெயரை வைத்து அதை 'ஷிம்மி' என்றார்கள். பொறியாளர்கள் பல ஆண்டுகள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு தெரிந்தது: டயரில் கோளாறு இல்லை, இரண்டு முன் சக்கரங்களையும் ஒரே கட்டையில் பூட்டியிருந்த பழைய அச்சு புது டயரோடு ஒத்துப்போகவில்லை. 1934ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்ததற்கு இந்தப் படபடப்பும் ஒரு காரணம். புது டயர் போட்ட பின் வரும் நடுக்கத்துக்கு டயரே குற்றவாளியாக இருக்கவேண்டும் என்பதில்லை என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது.

கார் சொல்லும் சாட்சி

எந்தக் கடைக்கும் போவதற்கு முன் கார்க்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் சில விடைகளைக் குறித்துக்கொள்வது நல்லது. பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து குறிக்கவேண்டும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கவேண்டும்.

முதல் கேள்வி: நடுக்கம் எங்கே தெரிகிறது? ஸ்டியரிங்கில் என்றால் பெரும்பாலும் முன் சக்கரம். இருக்கையிலும் தரையிலும் தெரிந்து ஸ்டியரிங் சும்மா இருந்தால் பெரும்பாலும் பின் சக்கரம்.

இரண்டாவது: எந்த வேகத்தில் ஆரம்பம், எங்கே உச்சம், எங்கே ஓய்வு? 80ல் தொடங்கி 100க்குள் உச்சம் பெற்றால் சந்தேகம் முதலில் பேலன்சிங்கின் மேல். 30, 40லேயே கார் தத்தித் தத்திப் போனால் அது பேலன்ஸ் பிரச்னை அல்ல. வட்டம் கெட்ட டயர், வளைந்த ரிம், புடைத்த பக்கச்சுவர், தளர்ந்த நட் - இவற்றில் ஒன்று. குறைந்த வேகத்தில் தெரியும் ஆட்டம் அதிக வேகத்தில் மட்டும் தெரியும் நடுக்கத்தைவிட ஆபத்தானது.

மூன்றாவது: அதே வேகத்தில் ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்றினால் என்ன ஆகிறது? இன்ஜின் சுற்று கூடும். சக்கரச் சுற்று மாறாது. நடுக்கம் மாறாமல் இருந்தால் சக்கரம். மாறினால் இன்ஜின் அல்லது அதைத் தாங்கும் மவுண்டிங். அப்படியானால் டயர் கடையில் நிற்பது வீண்.

நான்காவது: பிரேக் போடும்போது மட்டும் வருகிறதா? டிஸ்க் சீராக இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் போய்விடுகிறதா? சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். இரண்டுமே டயர் மாற்றிய வாரத்தில் தற்செயலாகக் கவனத்துக்கு வந்தவையாக இருக்கும்.

ஐந்தாவது: சாலை மாறினால் மாறுகிறதா? திருவனந்தபுரம் பைபாஸில் இதை மறக்கக்கூடாது. முக்கோலை வரை தார். அங்கிருந்து காரோடு வரை கான்கிரீட். கான்கிரீட் சாலையில் பெரும்பாலும் நாலரை மீட்டருக்கு ஒரு வெட்டு இருக்கும். 90 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஐந்தாறு 'டக் டக்' கேட்கும். கூடவே ஒரு ரீங்காரமும் வரும். அது சாலையின் குரல். தாரிலும் கான்கிரீட்டிலும் ஒரே மாதிரி ஸ்டியரிங் ஆடினால்தான் காரின் குறை. சோதனை ஓட்டத்துக்குத் தார்ப்பகுதியே ஏற்றது.

செலவில்லாத சோதனைகள்

அடுத்தது கண்ணால் பார்க்கவேண்டியவை. காற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். டயரின் விளிம்பு ரிம்மில் 'டப்' என்று சென்று உட்காருவதற்காகக் கடையில் காற்றை 40க்கு மேல் ஏற்றுவார்கள். பிறகு குறைக்க மறந்துவிடுவது உண்டு. கல்லாக இறுகிய டயர் சாலையின் ஒவ்வொரு பொருக்கையும் உள்ளே அனுப்பும். ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்தில் இருக்கும் அட்டவணையைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் அளக்கவேண்டும்.

இரண்டாவது நட். இதில் அலட்சியம் கூடாது. காற்றில் ஓடும் 'கன்' கொண்டு ஒரே மூச்சில் வரிசையாக இறுக்கினால் சக்கரம் ஹப்பின் மேல் நேராக உட்காராமல் ஒருபக்கம் சாய்ந்துவிடும். எதிரெதிராக, நட்சத்திரம் வரைவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முடிக்கவேண்டும். புதுச் சக்கரம் பூட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது நல்ல வழக்கம். நடுக்கம் நாளுக்கு நாள் அதிகமாகிறது, மெதுவாகப் போகும்போதும் 'கடக் கடக்' என்று சத்தம் வருகிறது என்றால் கடை வரை போகலாம் என்று நினைக்கவே கூடாது. ஓரம் கட்டி, வண்டியிலிருக்கும் ஸ்பேனரை எடுத்து நட்டைப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது டயரின் உட்காரும் வட்டம். பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு வார்க்கப்பட்டிருக்கும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கவேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே போய்விட்டால் டயர் அங்கே முழுதாக உட்காரவில்லை. அப்படிப்பட்ட சக்கரத்தை எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் அது வட்டமாக ஓடாது. காற்றை இறக்கி, விளிம்புக்குக் குழைவான பூச்சு தடவி மறுபடி ஏற்றவேண்டும்.

நான்காவது மண். தென்மேற்கிலும் வடகிழக்கிலும் மழை வாங்கும் இந்த ஊரில் செம்மண் சேறு ரிம்மின் உட்புறத்தில் அப்பிக் காய்ந்துவிடும். ஒரு கைப்பிடி மண் 30 கிராமுக்கு மேல். கழுவியதும் நடுக்கம் போனால் கார்க்காரருக்கு அதிர்ஷ்டம். அதோடு, ஒட்டியிருந்த எடை வில்லை விழுந்த தடம் பசையாக மிஞ்சியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ரிம்மைத் துடைக்காமல் ஒட்டிய வில்லை முதல் மழையிலேயே கழன்றுவிடும்.

ஐந்தாவது வெகுநாள் நின்ற கார். வெயிலில் பல நாள் நின்றால் டயர் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகும். ஓடத் தொடங்கியதும் தடதடக்கும். இருபது கிலோமீட்டருக்குள் சூடேறிச் சரியாகும். "ஓடினால் சரியாகும்" என்பது உண்மையாகப் பொருந்துவது இதற்கு மட்டுமே.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். நான்குக்குப் பதில் இரண்டு டயர் மட்டும் மாற்றியவருக்குக் கடைக்காரர் பழைய டயர்களை முன்னும் பின்னுமாக இடம் மாற்றியிருப்பார். இத்தனை நாள் பின்னால் அடக்கமாக ஓடிய, ஒழுங்கற்றுத் தேய்ந்த பழைய டயர் முன்னால் வந்ததும் ஸ்டியரிங்கைக் குலுக்கும். பழி புது டயர் மேல் விழும்.

அரை நிமிடப் பரீட்சை

இவை எல்லாம் சரி என்றால் திரும்பவும் பேலன்சிங். "அதுதான் அன்றைக்கே பண்ணியாச்சே, மெஷின் பூஜ்யம் காட்டிச்சே" என்று பதில் வரும். மெஷின் காட்டிய பூஜ்யத்தைப் பரீட்சிக்க ஒரு வழி இருக்கிறது. பூஜ்யம் வந்த சக்கரத்தை மெஷினின் தண்டிலிருந்து தளர்த்தி, அரைச் சுற்றுத் திருப்பி, மீண்டும் இறுக்கிச் சுழற்றச் சொல்லவேண்டும். மறுபடியும் பூஜ்யமோ அதை ஒட்டியோ வந்தால் வேலை சுத்தம். திடீரென்று 20 கிராம், 30 கிராம் என்று காட்டினால் சக்கரம் தண்டின் நடுவில் உட்காரவில்லை என்று பொருள். நடுத்துளையைப் பிடிக்கும் கூம்பு தேய்ந்திருக்கலாம், தவறான பக்கத்திலிருந்து மாட்டியிருக்கலாம், துளையில் துரு இருக்கலாம். நடுவில் உட்காராத சக்கரத்துக்கு வந்த பூஜ்யம் வெறும் எண்தான். மரியாதையாகக் கேட்டால் நல்ல கடைக்காரர் இதைச் செய்து காட்டத் தயங்குவதில்லை.

பழைய எடைகளையெல்லாம் பிடுங்கிவிட்டு ஆரம்பிக்கவேண்டும் என்பதும் முக்கியம். ரிம்மின் உள் விளிம்பு, வெளி விளிம்பு இரண்டுக்கும் தனித்தனியாக அளவு வரவேண்டும். ஒரே சக்கரத்துக்கு 60, 70 கிராம் தேவைப்பட்டால் எடையை ஒட்டிக்கொண்டே போகாமல், காற்றை இறக்கி டயரை ரிம்மின் மேல் அரைச் சுற்றுத் தள்ளிப் போட்டுப் பார்க்கவேண்டும். டயரின் கனமான இடமும் ரிம்மின் கனமான இடமும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தால் இப்போது ஒன்றை ஒன்று ஈடுகட்டும். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வழக்கமாக டயரின் லேசான இடம். காற்று வால்வுக்கு நேராக வைக்கவேண்டும். சிவப்புப் புள்ளி டயர் சற்றுத் தூக்கலாக இருக்கும் இடம். ரிம்மின் தாழ்வான இடத்தோடு பொருத்தவேண்டும்.

இங்கே பலர் ஏமாறும் ஒரு சொல் அலைன்மென்ட். பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் ஒரே ரசீதில் வருவதால் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள். சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது அலைன்மென்ட். அது கெட்டால் கார் ஒருபக்கம் இழுக்கும், டயர் ஒருபக்கம் தேயும். 90ல் வந்து 60ல் போகும் நடுக்கம் அதனால் வருவதில்லை. நடுக்கத்துக்கு மருந்தாக அலைன்மென்ட்டை மூன்றாவது முறை செய்துகொள்பவர் தலைவலிக்குச் செருப்பை மாற்றுகிறார்.

பேலன்சிங் பரீட்சையிலும் தேறிய பிறகு ஒரே ஒரு மாற்றம்: முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்றி அதே பைபாஸில் அதே வேகத்தில் ஓட்டுவது. ஸ்டியரிங்கில் இருந்த நடுக்கம் இருக்கைக்குப் போய்விட்டால், முன்னால் இருந்த இரண்டு சக்கரங்களில் ஒன்றுதான் குற்றவாளி. ஸ்டெப்னி அதே அளவு முழுச் சக்கரமாக இருந்தால், அதை ஒவ்வொன்றுக்கும் பதிலாகப் போட்டு எது என்று கண்டுபிடிக்கலாம். சில புதிய கார்களில் வரும் சிறிய ஸ்டெப்னிக்கு 80 கிலோமீட்டர் வரம்பு உண்டு. அது இதற்கு உதவாது. சக்கரத்தை மாற்றியும் நடுக்கம் ஸ்டியரிங்கிலேயே நின்றால் டயர் நிரபராதி. ஹப், பேரிங், டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், புஷ் என்று காரின் பக்கம் பார்க்கவேண்டும். ஒரே நாளில் நான்கு வேலையைச் செய்துவிட்டால் நடுக்கம் போனாலும் எதனால் போனது என்று தெரியாது. மறுபடி வந்தால் மறுபடியும் நான்கு செலவு.

வட்டம் என்பது ஒரு சமரசம்

எல்லாம் செய்தும் ஒரு சக்கரம் மட்டும் கைக்கு அடங்கவில்லை என்றால் அது வட்டமாக இல்லை. அதை அந்தரத்தில் மெதுவாகச் சுழற்றி, ரிம்மின் மேல் டயல் கேஜ் வைத்து அளக்கவேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால் ரிம் சந்தேகத்துக்குரியது. கேரளத்துச் சாலைக் குழிகளில் மழைத்தண்ணீர் நிறைந்திருக்கும்போது ஆழம் தெரியாமல் விழுந்த சக்கரம் ரிம்மை வளைத்துக்கொண்டு எழுந்திருக்கும். பழைய, மென்மையான டயர் அதை மறைத்திருக்கும். கடலோர உப்புக் காற்றில் ஹப்பின் முகத்தில் துரு திரண்டு, சக்கரம் அதன் மேல் படியாமல் நிற்பதும் இந்த ஊரில் நடக்கக்கூடியதே. கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டாலே பாதி வேலை முடியும்.

ரிம் சரி, ஹப் சரி என்றால் கடைசியாக டயர். இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி விளையும் மாநிலம் கேரளம். ரப்பர் வாரியம் கோட்டயத்தில் இருக்கிறது. அப்போலோ டயர்ஸின் முதல் தொழிற்சாலை 1977ல் சாலக்குடிக்கு அருகே பேராம்பிராவில்தான் தொடங்கியது. தோட்டத்துப் பால் டயராக மாறும்போது, ரப்பர் தாள், நூலடுக்கு, எஃகுக் கம்பிப் பட்டை என்று பல அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று சுற்றப்படுகின்றன. ஒவ்வோர் அடுக்குக்கும் ஆரம்பமும் முடிவும் உண்டு. அவை சேரும் இடத்தில் கொஞ்சம் தடிப்பும் உண்டு. எனவே முழு வட்டமான டயர் உலகில் எங்கும் இல்லை. ஓரிடம் சற்று விறைப்பாகவும் ஓரிடம் சற்று மென்மையாகவும் இருக்கும். தொழிற்சாலையில் இதை அளந்துதான் வெளியே அனுப்புகிறார்கள். வரம்பை ஒட்டியிருந்த டயர் ஒன்று கார்க்காரரின் பங்குக்கு வரலாம். சாதாரண பேலன்சிங் மெஷின் எடையை மட்டுமே அளக்கும். இந்த விறைப்பை அளக்காது. உருளையை டயரின் மேல் அழுத்திச் சுழற்றி அளக்கும் மெஷின் இருக்கும் கடையில்தான் அது தெரியும்.

அப்போது கார்க்காரருக்கு உரிமைகள் இருக்கின்றன. உற்பத்திக் குறைக்கு டயர் நிறுவனங்கள் வாரண்டி தருகின்றன. கடை மூலம் புகார் செய்தால் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆள் வந்து பார்ப்பார். அதற்குத் தேவையானவை மூன்று: ரசீது, டயரின் பக்கச்சுவரில் இருக்கும் வரிசை எண், சோதனைகளின் குறிப்பு. பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2324 என்றால் 2024ன் 23ஆவது வாரம். வாங்கும் அன்றே இதைப் பார்த்து ரசீதில் எழுதி வாங்குவது புத்திசாலித்தனம். பேச்சில் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளுக்கும் குறையான சேவைக்கும் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் அங்கே "கார் நடுங்குகிறது" என்று சொன்னால் போதாது. எந்த வேகத்தில், எந்தச் சக்கரத்தில், எதை மாற்றியபோது எங்கே போனது என்று சொல்லத் தெரிந்தவரின் புகாருக்கு எடை அதிகம்.

கரமனைக்காரர் அடுத்த முறை கடைக்குப் போகும்போது கையில் அந்தத் துண்டுக் காகிதம் இருந்தால் பேச்சே மாறிவிடும். "82ல் ஆரம்பிக்கிறது, 95ல் உச்சம், ஸ்டியரிங்கில் மட்டும், கியர் மாற்றினாலும் மாறவில்லை, தாரிலும் கான்கிரீட்டிலும் ஒன்றுதான்" என்று அவர் சொன்னால், கடைக்காரர் பையனைக் கிள்ளிப்பாலத்துக்கு அனுப்ப மாட்டார். முன் சக்கரங்களைக் கழற்றி மெஷினில் ஏற்றுவார். அரைச் சுற்றுத் திருப்பிப் பார்ப்பார். பெரும்பாலும் அங்கேயே 25 கிராம் கணக்கில் ஒரு தப்பு அகப்படும். அதைத் திருத்திய பின் பையனோடு போகவேண்டிய இடம் திருவல்லம். பைபாஸில் ஏறி 95ல் ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் போதும். டயர் மாற்றிய அன்றே அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்கியிருந்தால், நாகர்கோவில் போகும் வழியெல்லாம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகவேண்டியிருந்திருக்காது.